ஊசி அவருக்கு, சுருக்கென்பது எனக்கு! – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜோயல் சலினாஸ், எதிரே இருப்பவரின் கன்னத்தை யாராவது தொட்டால் தன் கன்னத்தில் தொட்டது போல உணர்பவர். எழுத்துக்கும் எண்ணுக்கும் அவருக்கு நிறம் உண்டு. எல்லோருக்கும் இப்படி இருப்பதில்லை என்பதே மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு புலனைத் தூண்டினால் இன்னொரு புலனும் கூடவே விழித்துக்கொள்ளும் இந்த இயல்புக்கு சினஸ்தீசியா என்று பெயர். அடுத்தவரைத் தொடுவதைப் பார்த்தாலே தன் உடலில் உணரும் வகை மிரர்-டச் சினஸ்தீசியா. சென்ற இதழில் இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியானது. ‘எனக்கும் இப்படித்தான்’ என்று மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் எழுதிய கடிதங்களுக்கு நரம்பியல், மனநலத் துறை மருத்துவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

நோயாளிக்கு வென்ஃப்ளான் (மருந்தும் திரவமும் ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போது என் கையில் சுருக்கென்கிறது. எனக்கு இருப்பதும் அந்த மிரர்-டச் சினஸ்தீசியாதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஹவுஸ் சர்ஜன், திருநெல்வேலி

இந்த ஒன்றை மட்டும் வைத்து ஆம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்தவருக்கு அடிபடும் படத்தைப் பார்த்துத் தன் உடலிலும் வலித்ததாகச் சொல்பவர்கள், 2010இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஊசி, கத்தி, ரத்தம் எல்லாம் பலரையும் சுருக்கென்று இழுக்கும் காட்சிகள். மிரர்-டச் என்பது அதைவிடக் குறுகலான விஷயம். வலியே இல்லாத, உணர்ச்சி கலக்காத சாதாரணத் தொடுதலைப் பார்த்தாலும் அது வரவேண்டும். சக மாணவி தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறாள், உங்கள் காதோரம் குறுகுறுக்கிறதா? அதுதான் கேள்வி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு நண்பர்கள் வேண்டும். எதற்காக என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். ஒருவர் உங்களுக்கு எதிரே மூன்றடி தள்ளி உட்காரட்டும். மற்றவர் ஒரு பஞ்சுத் துண்டால் அவருடைய இடது கன்னம், வலது கன்னம், இடது புறங்கை, வலது புறங்கை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தொடட்டும். இடையிடையே பக்கத்தில் ஒரு தலையணையையும் தொட வேண்டும். மொத்தம் 20 முறை. ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஏதாவது தோன்றியதா, எங்கே, எந்தப் பக்கம் என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். யோசித்து எழுதினால் பயனில்லை. மூன்று வாரம் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் இன்னொரு முறை செய்யுங்கள். சினஸ்தீசியா உள்ளவர்களுக்கு இரண்டு தாளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மனித உடலைத் தொடும்போது நன்றாக வந்து, தலையணையைத் தொடும்போது வராமலோ மங்கலாகவோ இருந்தால் அதுவும் பொருந்துகிறது.

பக்கத்தைக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலோருக்குக் கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் வரும். எதிரே உள்ளவரின் இடது கன்னத்தைத் தொட்டால் உங்கள் வலது கன்னத்தில் தெரியும். சிலருக்கு மட்டும் இடதுக்கு இடதே. நீங்கள் எந்த வகை என்பது பிறகு வார்டில் தேவைப்படும், கீழே சொல்கிறோம்.

ஆய்வுக்கூடத்தில் இன்னும் கறாராகச் சோதிப்பார்கள். உங்கள் கன்னத்தை நிஜமாகவே ஒரு பக்கம் தட்டிவிட்டு, அதே நேரம் திரையில் வேறொருவரின் கன்னத்தைத் தொடுவதைக் காட்டுவார்கள். ‘உங்களைத் தட்டியது எந்தப் பக்கம்?’ என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது மிரர்-டச் உள்ளவர்கள் தடுமாறுவார்கள், பதில் தாமதமாகும், தப்பும் வரும். இந்த வழியில் 567 மாணவர்களிடம் தேடியபோது கிடைத்தது சுமார் 1.6 சதவீதம். 2009இல் வெளியான கணக்கு அது. உங்கள் கல்லூரியில் ஒரு பேட்ச்சுக்கு 150 பேர் என்றால் இரண்டு பேர் இருக்கலாம்.

எனக்கு உணர்வெல்லாம் வராது. சூச்சர் (தையல்) போடுவதைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிடுகிறேன். இரண்டு முறை விழுந்தாகிவிட்டது. அதிகக் கருணைதான் காரணம் என்கிறாள் தோழி.
– மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி, சேலம்

தோழி அன்பாகச் சொல்கிறார், ஆனால் காரணம் கருணை அல்ல, ரத்த அழுத்தம். ரத்தம், ஊசி, காயம் பார்த்ததும் சிலருக்கு முதலில் நாடித் துடிப்பும் அழுத்தமும் ஏறி, பிறகு இரண்டும் சடாரென்று இறங்கும். மூளைக்கு ரத்தம் போதாமல் மயக்கம் வரும். இதற்கு நன்றாக வேலை செய்யும் ஒரு பயிற்சியை ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடியுங்கள். முகத்தில் சூடேறும் வரை, அதாவது 10 முதல் 15 விநாடி. பிறகு விட்டுவிட்டு 20 முதல் 30 விநாடி சும்மா இருங்கள். தசை முழுக்கத் தளர்ந்துபோக வேண்டாம், இறுக்கத்துக்கு முன் இருந்த நிலைக்குத் திரும்பினால் போதும். இப்படி ஐந்து முறை. நாளுக்கு ஐந்து தடவையாக ஒரு வாரம் வீட்டில் பழகிவிட்டு, அதன் பிறகு படங்கள், வீடியோ, கடைசியாகத் தியேட்டர் என்று போங்கள்.

பலர் செய்யும் தப்பு, ‘மூச்சை இழுத்து விட்டு ரிலாக்ஸ் ஆகு’ என்ற அறிவுரையைக் கேட்பது. பதற்றத்துக்கு அது சரி. அழுத்தம் இறங்கிக்கொண்டிருப்பவர் இன்னும் தளர்ந்தால் இன்னும் சீக்கிரம் விழுவார். காலை உணவில்லாமல் போவது, முட்டியைப் பூட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பது, இவையும் விழ வைக்கும். பார்வை ஓரம் மங்கினால் கௌரவம் பார்க்காமல் சுவரோரமாகத் தரையில் உட்காருங்கள். ஸ்டெரைல் டிராலி மேல் விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நோயாளியின் வலியை டாக்டரே உணர்ந்தால் நோயைக் கண்டுபிடிப்பது சுலபமாகிவிடாதா? வரம்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பத்திரிகைகள் இதை அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் டாக்டர் உணர்வது நோயாளியின் வலியை அல்ல. நோயாளியைப் பார்த்து டாக்டரின் மூளை போட்ட ஒரு கணக்கை. கண்ணுக்குத் தெரிவது மட்டுமே அந்தக் கணக்குக்குள் போகிறது. கண்ணுக்குத் தெரியாத வலி எத்தனையோ உண்டு. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். பார்க்கின்சன் நோயில் முகம் முகமூடி போல அசையாமல் இருக்கும், உள்ளே எவ்வளவு வலித்தாலும். ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட கிராமத்துப் பாட்டி, குடல் ஓட்டையாகியும் ‘லேசா வயித்த வலி சாமி’ என்பார். இவர்களைப் பார்க்கும் டாக்டரின் உடல் அமைதியாகவே இருக்கும். அந்த அமைதியை நம்பினால் உயிர் போய்விடும்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். ஊரைக் கூட்டி அலறுகிறவருக்கு டாக்டரின் உடல் பலமாகப் பதில் சொல்லும். உடனே வலிமருந்து கூடுதலாகப் போகும், பக்கத்துப் படுக்கையில் சத்தமில்லாமல் மூச்சு வாங்குகிறவர் காத்திருப்பார்.

ஆகவே இந்த உணர்வை ஒரு கதவு மணியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மணி அடித்தால் போய்ப் பார்க்கலாம், வந்திருப்பது யார் என்று மணி சொல்லாது. வார்டில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நோயாளியிடம் கேளுங்கள்: 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது, இப்போது எவ்வளவு? அவர் சொன்ன எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகுதான் தொட்டுப் பார்க்க வேண்டும். பேச முடியாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் ஃப்ளாக் அளவுகோல் இருக்கிறது. மறதி நோய் முற்றிய முதியவர்களுக்கு பெயினாட் என்ற அளவுகோல். இவை எழுத்தில் வந்த பிறகு, உங்கள் உடல் சொன்னதும் தாளில் உள்ளதும் மிகவும் விலகினால், அப்போது மட்டும் ஒருமுறை கூடுதலாகப் பரிசோதியுங்கள். உங்கள் உடல் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் ஒருபோதும் எழுதாதீர்கள்.

இடம் வலம் பிரச்சினைக்கு வருவோம். நீங்கள் கண்ணாடி வகை என்றால், நோயாளி எதிரே உட்கார்ந்து தன் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொள்ளும்போது உங்களுக்கு இடது அடிவயிற்றில் தெரியும். அவசரத்தில் ‘இடது’ என்று எழுதிவிட்டால் குடல்வால் வீக்கம் என்ற நினைப்பே வராமல் போகலாம். நோயாளியின் வலது பக்கம் நின்று பரிசோதிக்கும் பழைய பழக்கத்தை விடாதீர்கள். வலது, இடது என்று எழுதுமுன் உங்கள் கையை நோயாளியின் அந்த உறுப்பின் மேல் வைத்து வாயால் சொல்லிவிட்டு எழுதுங்கள். அறுவை சிகிச்சை என்றால், உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ளபடி, நோயாளி விழித்திருக்கும்போதே அவரைக் கேட்டு மார்க்கர் பேனாவால் குறித்துவிட வேண்டும். இது எல்லோருக்கும் உள்ள விதிதான். உங்களுக்கு இரட்டிப்பாக.

சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது) செய்யும்போது என் நெஞ்சே அமுங்குகிறது. பர்ன்ஸ் (தீக்காய) வார்டில் டிரெஸ்ஸிங் மாற்றும்போது தோல் எரிகிறது. எப்படிச் சமாளிப்பது?
– பயிற்சி மருத்துவர், மதுரை

முதலில் கண்ணை எங்கே வைப்பது என்பதைப் பழகுங்கள். இந்த உணர்வுக்கு வாசலே கண்தான். முகத்தையும் முழு உடலையும் சேர்த்துப் பார்க்கும்போது அது அதிகம், உயிரற்ற பொருளைப் பார்க்கும்போது குறைவு. சி.பி.ஆரில் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலை ஏர்வே, அதாவது மூச்சுப்பாதை பார்ப்பவருடையது. அழுத்துகிறவர் தன் உள்ளங்கையின் அடிப்பகுதி படும் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். மாறியதும் நோயாளியைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் மானிட்டர் பக்கம் திரும்புங்கள், மருந்து போட்ட நேரத்தைக் குறியுங்கள்.

எல்லோரும் பதறும் அறையில் நிதானமான ஒருவர் எப்போதும் இருப்பார், பெரும்பாலும் மூத்த சிஸ்டர். அவ்வப்போது அவர் முகத்தைப் பார்ப்பது நல்ல உபாயம். பதற்றம் தொற்றுவது போல நிதானமும் தொற்றும்.

பர்ன்ஸ் டிரெஸ்ஸிங் வேறு மாதிரி. அரை மணி, ஒரு மணி என்று நீளும். காயத்தை ஒரே விரிப்பாகப் பார்க்காமல், பச்சைத் துணியால் மூடி ஒரு உள்ளங்கை அளவு மட்டும் திறந்து வேலை செய்து, முடித்ததை மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள். நோயாளிக்கும் குளிர் குறையும். வலிமருந்து கொடுத்தது வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று கடிகாரம் பார்த்து உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள். நோயாளிக்கு வலி குறைந்தால் முகம் சுளிப்பதும் குறையும், உங்களுக்கும் இறங்கும். உணர்வு கூடும்போது, ஷூவுக்குள் கால்விரல்களைத் தரையில் அழுத்துவது, கையுறைக்குள் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை அழுத்துவது சிலருக்கு உதவுகிறது. இது என் உடல், இது என் தொடுதல் என்று மூளைக்கு ஒரு நினைவூட்டல்.

செய்யக்கூடாத இரண்டு. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டோ வேறெங்கோ பார்த்துக்கொண்டோ ஊசி போடுவது. ஊசிக் காயம் உங்களுக்கே வரும். இரண்டு, டியூட்டிக்கு முன் பதற்றம் தணிக்க அல்ப்ரசோலம் மாத்திரையோ புரோப்ரனோலால் மாத்திரையோ போட்டுக்கொள்வது. ஹாஸ்டல்களில் இது நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அல்ப்ரசோலம் பழக்கமாகும், கவனத்தை மந்தமாக்கும். புரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து, மயங்கி விழும் சுபாவம் உள்ளவருக்கு நாடியை இன்னும் இறக்கும். மிரர்-டச்சுக்கென்று மாத்திரை எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மிரர்-டச் உணர்வு பொதுவாகப் பார்வையை விலக்கியதும் தணியத் தொடங்கும். அறையை விட்டு வெளியே வந்த பிறகும் நெஞ்சு அழுத்தம் நீடித்தால், வியர்த்தால், தோள், தாடைக்குப் பரவினால் அதை சினஸ்தீசியா என்று தள்ளாதீர்கள். வார்டில் இருக்கும் இ.சி.ஜி. மெஷினில் உங்களுக்கே ஒன்று எடுங்கள்.

எனக்கு எண்களும் எழுத்துகளும் நிறமாகத் தெரியும். 18 எனக்கு ரோஸ். வென்ஃப்ளான் எடுக்கும்போது குழம்புகிறது. டாக்டர் ஆனால் தப்பு செய்துவிடுவேனோ?
– இறுதியாண்டு மாணவர், கோவை

நல்ல கேள்வி, ஏனென்றால் மருத்துவமனை முழுக்க நிறமும் எண்ணும் ஜோடி சேர்ந்தே இருக்கின்றன. வென்ஃப்ளானின் அளவு எண் கூடக் கூடக் குழாய் மெலியும்; அதில் 16 சாம்பல், 18 பச்சை, 20 ரோஸ், 22 நீலம், 24 மஞ்சள். உங்கள் மனதில் 18 ரோஸ் என்றால், ‘பதினெட்டு கொடு’ என்று சீஃப் கத்தும்போது கை தானாக 20க்குப் போகும். விபத்தில் ரத்தம் போய் வந்தவருக்கு அந்த இரண்டு எண் வித்தியாசம் சின்னதல்ல, திரவம் ஏறும் வேகம் குறைந்துவிடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ரத்தப் பை. நம் நாட்டில் லேபிள் நிறம் ஏ பிரிவுக்கு மஞ்சள், பி-க்கு ரோஸ், ஓ-வுக்கு நீலம், ஏபி-க்கு வெள்ளை. ஆங்கில எழுத்தில் பழகிய சினஸ்தீசியர்களில் நிறையப் பேருக்கு முதல் எழுத்து சிவப்பாகத் தெரிகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று. கண்ணுக்கு மஞ்சள், மனதுக்குச் சிவப்பு. தூக்கம் இல்லாத இரவில் இந்த மோதல் பதிலைத் தாமதப்படுத்தும், சில சமயம் திசைமாற்றும்.

தீர்வு, நிறத்தை அடையாளமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். அச்சிட்ட எண்ணை, எழுத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுப் பிரியுங்கள். ரத்தம் ஏற்றுமுன் படுக்கையருகே இரண்டு பேர் நின்று நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், பை எண், ரத்தப் பிரிவு, காலாவதித் தேதி ஐந்தையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். ‘நான் பார்த்துட்டேன் சிஸ்டர், போடுங்க’ என்பது கூடவே கூடாது.

இன்னொரு பொறி மருந்துப் பெயர். பல சினஸ்தீசியர்களுக்கு ஒரு சொல்லின் நிறத்தை அதன் முதல் எழுத்தே தீர்மானிக்கிறது. டோபமினும் டோபுட்டமினும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். அதேபோல் உங்களுக்கு நெருக்கமான நிறம் கொண்ட இரண்டு எண்கள் இருந்தால், டோஸ் நினைவிலிருந்து எழுதும்போது அவை இடம் மாறும். இப்போதே 0 முதல் 9 வரை உங்கள் நிறங்களை ஒரு தாளில் எழுதி, ஒன்றையொன்று ஒத்தவற்றை வட்டமிடுங்கள். அந்த எண்கள் வரும் டோஸை மட்டுமாவது புத்தகத்தைப் பார்த்தே எழுதுவது என்று முடிவெடுங்கள். மற்றபடி இந்த நிறங்கள் உங்கள் நினைவாற்றலுக்கு நல்ல துணை. நரம்பு மண்டலப் பாதைகளை நிறம் வைத்துப் படித்துப் பாருங்கள், மறக்காது.

இது புதுசாக வந்த வியாதியா?
– வாசகி, காரைக்குடி

வியாதியே இல்லை. மனநோய்ப் பட்டியல்கள் எதிலும் இது கிடையாது. புதிதும் இல்லை. 1812இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கேயோர்க் சாக்ஸ் என்ற மருத்துவர், பிறவியிலேயே நிறமி இல்லாத தன் உடலையும் தங்கையின் உடலையும் பற்றி ஆய்வேடு எழுதினார். அதில் எழுத்துகளும் எண்களும் இசைச் சுரங்களும் தனக்கு நிறமாகத் தோன்றுவதைச் சொல்லியிருக்கிறார். நமக்குத் தெரிந்த முதல் பதிவு அதுதான், எழுதியவரும் டாக்டர்தான். மிரர்-டச் மட்டும் தாமதமாகத்தான் ஆய்வுக்குள் வந்தது. 2005இல் லண்டனில் ஒரு பெண்ணின் மூளையை ஸ்கேன் செய்து முதலில் விவரித்தார்கள். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகுதான் சினஸ்தீசியாவைக் கற்பனை என்று ஒதுக்குவது பெருமளவு நின்றது.

குடும்பத்தில் வருமா? வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

குடும்பத்தில் வரும் போக்கு உண்டு. ஆனால் அம்மாவுக்கு எழுத்துக்கு நிறம் என்றால் மகளுக்கு இசைக்கு நிறமாக இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். குழந்தைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், அவர் தலைவலி என்று நெற்றியைப் பிடிக்கும்போது நீங்களும் பிடித்தால் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்.

உணர்வு எதுவும் தெரிவதில்லை, ஆனால் நோயாளி அழுதால் நானும் அழுதுவிடுகிறேன். ‘இப்படி இருந்தால் தேறமாட்டாய், மனசைக் கல்லாக்கு’ என்கிறார்கள் சீனியர்கள். கல்லாக்கத்தான் வேண்டுமா?
– குழந்தைகள் நலப் பிரிவு பி.ஜி., சென்னை

வேண்டாம். கல்லானால் நோயாளிக்கும் நஷ்டம். அமெரிக்காவில் முகமதுரேசா ஹோஜத் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், பரிவு மதிப்பெண் அதிகம் பெற்ற டாக்டர்களின் சர்க்கரை நோயாளிகளில் 56 சதவீதம் பேருக்கு ஹெச்.பி.ஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை) அளவு கட்டுக்குள் இருந்தது. குறைவாகப் பெற்றவர்களிடம் 40 சதவீதம். ஆனால் அங்கே அளந்தது கூடவே அழுவதை அல்ல. நோயாளியின் நிலையைப் புரிந்துகொள்வதை, புரிந்துகொண்டேன் என்று அவருக்குத் தெரியப்படுத்துவதை.

மிரர்-டச் இருந்தால் பரிவு தானாக வரும் என்பதும் உறுதியில்லை. 2007இல் மைக்கேல் பனிசியும் ஜேமி வார்டும் சோதித்தபோது, பரிவின் ஒரு பகுதியான உணர்ச்சித் தூண்டலில் மட்டும் மிரர்-டச் உள்ளவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். 2016இல் சைமன் பேரன்-கோஹன் குழு பார்த்தபோது அந்த உயர்வும் தெரியவில்லை. ஆட்டிசம் உள்ள சிலருக்கும் மிரர்-டச் இருந்தது. உடல் உணர்வது, மனம் கலங்குவது, அக்கறையோடு செயல்படுவது மூன்றும் தனித்தனி.

பழகினால் கல்லாகிவிடுமா என்றால், மூளை வேறொன்று செய்கிறது. 2007இல் யாவெய் செங் குழு அக்குபங்சர் மருத்துவர்களுக்கு ஊசி குத்தும் படங்களைக் காட்டியது. மற்றவர்களுக்கு வேலை செய்த வலி சார்ந்த பகுதிகள் அவர்களிடம் அடங்கியிருந்தன, கட்டுப்பாடு சார்ந்த பகுதிகள் வேலை செய்தன. தினமும் ஊசி பிடிக்கிறவருக்கு இது தேவை. ஆனால் தானாக வரும் இந்த அடக்கம் ஒரு கட்டத்தில் நோயாளியை ‘பெட் நம்பர் 12’ ஆக்கிவிடும் அபாயமும் உண்டு.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஓல்கா கிளிமெக்கியும் டானியா சிங்கரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தவர் துயரத்தை அப்படியே உள்வாங்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேதனை கூடியது. அதே ஆட்களுக்குப் பிறகு ‘இவர் நலமாக வேண்டும்’ என்று நினைக்கும் கருணைப் பயிற்சி தந்ததும் வேதனை இறங்கி நல்லுணர்வு ஏறியது. வார்டு மொழியில் இதைச் செய்ய ஐந்து விநாடி போதும். திரையை விலக்குமுன் கையை அதன் மேல் வைத்து ஒரு மூச்சு. ‘இந்தக் குழந்தைக்கு இப்போது நான் செய்யக்கூடியது ஒன்று என்ன?’ என்று கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். காய்ச்சலுக்கு மருந்து, ஈரத் துணி மாற்றுவது, அம்மாவுக்கு ஒரு நாற்காலி, எதுவாகவும் இருக்கலாம். கண் கலங்கினால் கலங்கட்டும், கை வேலை செய்துகொண்டிருந்தால் எந்தத் தாயும் தப்பாக நினைக்கமாட்டார். நீங்கள் தேம்பி, அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்தால்தான் வெளியே போக வேண்டும்.

யூனிட்டில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் பாலின்ட் குழு ஒன்று தொடங்கலாம். மைக்கேல் பாலின்ட் 1950களில் லண்டனில் குடும்ப மருத்துவர்களுக்காக ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரம், மாதம் இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கேஸ் ஷீட் இல்லாமல், மனதில் உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். விளக்கக் கேள்விகள் முடிந்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பேசாமல் கேட்க வேண்டும், மற்றவர்கள் டாக்டர்–நோயாளி உறவை மட்டும் பேசுவார்கள். ‘நீ ஏன் ஆன்டிபயாடிக் மாத்தல?’ என்று கேட்டால் குழு கெட்டது, அதற்கு, சிகிச்சையில் நேர்ந்ததை அலசும் மார்பிடிட்டி மீட்டிங் இருக்கிறது. சீஃப் உட்காராமல் இருந்தால் நலம். ஒரு மரணத்துக்குப் பிறகு எல்லோரையும் கட்டாயப்படுத்தி அன்றே பேச வைப்பது வேறு. அதனால் பயன் இல்லை என்பதோடு சிலருக்குக் கெடுதலும் நேரலாம். விருப்பமுள்ளவர் பேசட்டும்.

தூக்கம் போய், காலையில் வார்டை நினைத்தாலே வயிறு பிசைந்து, நோயாளிகள் மேல் எரிச்சல் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். சொந்தக் கல்லூரியில் பார்க்கத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

பி.ஜி.-க்கு எந்தப் பிரிவு எடுக்கலாம்? ரேடியாலஜி போய்விடு என்கிறார்கள்.
– மிரர்-டச் இருப்பதாக நினைக்கும் ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்

நோயாளியை நேரில் பார்க்காத பிரிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். ரேடியாலஜியில் அல்ட்ராசவுண்ட் அறை இருக்கிறது, பயாப்சி ஊசி இருக்கிறது. முழுக்கத் தப்பிக்க நினைத்தால் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி. ஆனால் தப்பிக்கவே ஒரு பிரிவை எடுத்தால் முப்பது வருடம் கசக்கும். மயக்கவியல் பலர் எதிர்பார்க்காத அளவுக்குப் பொருந்தக்கூடும்: நோயாளி தூங்குகிறார், முகம் சுளிப்பதில்லை, உடல் பெரும்பகுதி துணியால் மூடியிருக்கிறது, வலியை நிறுத்துவதே வேலை. சைக்கியாட்ரியில் உடல் தொடுதல் குறைவு, ஆனால் ஒரு நாளைக்கு இருபது முகங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங்கிலேயே ஒவ்வொரு பிரிவிலும் டியூட்டி முடிந்ததும் களைப்பு 10க்கு எவ்வளவு, வீட்டுக்குப் போய் எத்தனை மணி நேரத்தில் தெளிந்தது என்று குறித்து வாருங்கள். தெளிய ஆகும் நேரம்தான் முக்கியம்.

எனக்கு 46 வயது, பொதுநல மருத்துவர். இரண்டு மாதமாக ஹாரன் சத்தம் கேட்டால் இடது கையில் யாரோ தொடுவது போலிருக்கிறது. இவ்வளவு நாள் இல்லாத சினஸ்தீசியா இப்போது வருமா?
– திருச்சி

பிறவி சினஸ்தீசியா இந்த வயதில் புதிதாகத் தொடங்காது. தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. இரண்டும் தேவைப்படும். மூளையின் உட்பகுதியான தலாமஸில் ஸ்ட்ரோக் வந்து பல மாதம் கழித்து, சத்தம் கேட்டால் உடலில் தொடுதல் தோன்றிய நிகழ்வு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. வலிப்பு, ஒற்றைத் தலைவலியும் இப்படித் தொடங்கலாம். உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இன்றே பாருங்கள். கையை உயர்த்தி நீட்டும்போது ஒரு பக்கம் இறங்கினாலோ பேச்சு குழறினாலோ அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வேலைக்கான இன்டர்வியூவில் இதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் எடுப்பார்களா?
– எம்.டி. முடித்தவர், வேலூர்

சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் சினஸ்தீசியா இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தின் பேரில் சலுகை கேட்க முடியாது. சேர்ந்த பிறகு, கூட நின்று வேலை செய்கிற ஒருவரிடம் மட்டும், பெயர் சூட்டாமல், வேலை சார்ந்து சொல்லுங்கள்: ‘ரத்தப் பை லேபிள் வாசிக்கும்போது நீங்களும் வாசிங்க சிஸ்டர், எனக்கு நிறம் குழம்பும்.’ அல்லது, ‘சி.பி.ஆரில் ரெண்டு நிமிஷம் ஆனா என்னை மாத்திடுங்க.’ இவ்வளவு போதும். ‘அடுத்தவங்க வலி எனக்குத் தெரியும்’ என்று ஆரம்பித்தால் மறுநாளே பக்கத்து வார்டிலிருந்து கை ரேகை பார்க்கச் சொல்லி ஆள் வரும்.